ரஹீம் ஸாஹிபும் நம் தெருப் பிள்ளைகளும்

 

கடந்த ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து சில வாரங்கள் ஆகியிருந்த ஒரு மாலை. திருவொற்றியூரில் நாம் பாடம் நடத்தும் மதரஸாவில் மஃரிப் தொழுகை முடிந்து பிள்ளைகள் கிதாபுகளை விரித்துக்கொண்டிருந்தனர். வாசலில் ஒருவர் தயங்கி நின்றார். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் லாரியின் ஓட்டுநர் அவர். அவருடைய மகன் ஆறு வயதிலிருந்து பதினான்கு வயதுவரை நம்மிடம் குர்ஆன் ஓதியவன். இப்போது கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான்.

“ஹஜ்ரத், காலேஜ் ஃபுட்பால் டீம்ல இவனைச் சேத்துட்டாங்களாம். படிப்பும் போயிடும், தொழுகையும் போயிடும். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவான்” என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். நாம் சொன்னால் அந்தப் பிள்ளை விட்டுவிடுவான். நமக்கு அச்சம் தந்ததும் அதுவே. “மூன்று நாள் பொறுங்கள் அத்தா, யோசித்துச் சொல்கிறோம்” என்று அவரை அனுப்பிவைத்தோம்.

அந்த மூன்று நாட்களை நாம் கேட்டதற்குக் காரணம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சம்பவம். அதை இதுவரை நாம் எங்கும் எழுதியதில்லை.

நாம் செய்த தவறு

அப்போது நம்மிடம் ஓதிக்கொண்டிருந்த மாணவர்களில் ஒருவன் பந்தாட்டத்தில் கெட்டிக்காரன். அஸருக்குப் பின் மைதானத்தில் இருப்பான். மஃரிப் பாடத்துக்குப் புழுதிக் காலோடு பத்து நிமிடம் தாமதமாக வந்து சேருவான். ஒருநாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவனை நிற்கவைத்து, பந்து உன்னை மறுமையில் கரைசேர்க்குமா என்று கேட்டோம். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் தலை குனிந்து நின்றான். அன்று மாலையே அவனுடைய தகப்பனாரை அழைத்து, ஆட்டத்தை நிறுத்துங்கள் என்றும் சொன்னோம்.

அவன் நிறுத்தினான். ஆனால் நம் பாடத்துக்கும் வருவதை நிறுத்திக்கொண்டான். சில மாதங்களில் எண்ணூர் விரைவுச் சாலையோரம், லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில், வேறு சில பையன்களோடு அவனைப் பார்க்கலாயினர். பிறகு மாத்திரை, ஊசி என்று காதில் விழத் தொடங்கியது. வடசென்னையில் வாழ்வோருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஆட்டத்தை நிறுத்தியதால்தான் அவன் அப்படியானான் என்று சொல்ல நமக்கு அறிவில்லை. அதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் ஒன்றை நாம் அறிவோம். மாலை ஐந்து மணிக்கு அவன் கையிலிருந்த ஒன்றைப் பிடுங்கினோம். அதற்குப் பதிலாக எதையும் கொடுக்கவில்லை. வெறுமையாய் விடப்பட்ட அந்த நேரத்தை வேறு யாரோ நிரப்பினார்கள்.

இந்தச் சிந்தனையில் இருந்தபோதுதான் நம் பிள்ளைகள் ஒரு பெயரைச் சொன்னார்கள். 2024 நோன்புப் பெருநாளையொட்டி இந்தியில் வெளியான ‘மைதான்’ என்ற திரைப்படத்தைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டிருந்தனர். திரைப்படம் பார்க்கும் வழக்கம் நமக்கில்லை. ஆயினும் அதில் வரும் ஸையித் அப்துர் ரஹீம் என்பவர் நம்மைப் போலவே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய ஓர் ஆசிரியர் என்று கேட்டதும் அவரைப் பற்றித் தேடி வாசித்தோம். வாசிக்க வாசிக்க, இவரை நாம் முன்பே அறிந்திருக்க வேண்டும் என்ற எண்ணமே மேலிட்டது.

ஆசிரியராய் இருந்த ஆட்டக்காரர்

ரஹீம் ஸாஹிப் 1909 ஆகஸ்ட் 17 அன்று ஹைதராபாதில் பிறந்தார். நிஜாம் ஆட்சியில் 1918-இல் தோன்றி, உருது மொழியில் உயர்கல்வி வழங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். அதன் கால்பந்து அணிக்காக ஆடிப் பெயர் பெற்றார். மூசி ஆற்றங்கரையிலுள்ள சிட்டி கல்லூரியின் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து நடத்திய அணியிலும், அந்நகரின் கமர் கிளப்பிலும் ஆடினார்.

படிப்பு முடிந்தபின் அவர் ஏற்றது ஆசிரியப் பணி. காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, உருது ஷரீஃப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று பல இடங்களில் பாடம் நடத்தினார். பின்னர் உடற்கல்வியில் டிப்ளமோ பெற்று, பிள்ளைகளின் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார். அவரை ‘ரஹீம் ஸாஹிப்’ என்றே நாடு அழைத்தது. தாருல் உலூம் என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு ஏற்பட்ட நெருக்கத்தைச் சொல்லத் தேவையில்லை.

நாற்பதுகளில் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பையும் 1950-இல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சிப் பொறுப்பையும் ஏற்றிருந்தார். அந்த அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அதே காலத்தில் இந்திய அணியின் பயிற்சியாளரும் ஆனார். 1951 மார்ச்சில் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தியா ஈரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்றது.

அடுத்த ஆண்டே ஒரு பெருந்தோல்வி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற கணக்கில் தோற்றனர். நம் வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடியவர்கள். குளிர்நாட்டுத் தரையில், காலணி அணிந்த வல்லவர்களுக்கு எதிராக அது எடுபடவில்லை. காலணி கட்டாயம் என்ற நிலை இந்தியக் கால்பந்தில் வந்தது அதன் பின்னரே.

தோற்றவரை எள்ளி நகையாடுவது உலக வழக்கம். ரஹீம் ஸாஹிப் அந்தத் தோல்வியைப் பாடமாக எடுத்துக்கொண்டார். அவர் கையாண்ட பயிற்சி முறைகள் ஓர் ஆசிரியருக்கே தோன்றக்கூடியவை. பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டும் பழக்கத்தை மாற்ற, பந்தை உருட்டிச் செல்லவே கூடாது என்ற விதியோடு போட்டிகள் நடத்தினார். வலக்காலை மட்டுமே நம்பியிருப்போர் இடக்காலையும் பழக வேண்டும் என்பதற்காக, பழகாத காலால் மட்டுமே ஆடும் போட்டிகளை ஏற்பாடு செய்தார். மதரஸாவில் ‘ஐன்’ எழுத்தைத் தொண்டையிலிருந்து எழுப்ப வராத பிள்ளையை, வரும்வரை அந்த ஓர் எழுத்தையே சொல்லவைப்போமே, அது போன்றது இது. வராததை வரவைப்பவரே உஸ்தாத். வருவதை மட்டும் பாராட்டுவதற்கு உஸ்தாத் தேவையில்லை.

1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அதன் பலன் தெரிந்தது. ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று இந்தியா வென்றது. நெவில் டிஸோசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்ற பெயர் இந்தியாவுக்குக் கிடைத்தது. அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடமும் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று, நான்காம் இடத்தோடு திரும்பினர். இன்றுவரை அந்த இடத்தை இந்தியா மீண்டும் தொட்டதில்லை.

தமிழ்ப் பிள்ளைகளும் மகனும்

அவரிடம் பயின்றவர்களில் இருவர் தமிழ்க் குடும்பங்களில் பிறந்தவர்கள் என்பதை அறிந்தபோது மகிழ்ந்தோம். ஒருவர் பீட்டர் தங்கராஜ். மெட்ராஸ் ரெஜிமென்டில் பணியாற்றி, ஆசியாவின் தலைசிறந்த கோல்காவலர் என்று போற்றப்பட்டவர். மற்றவர் துளசிதாஸ் பலராம். செகந்தராபாதை அடுத்த அம்முகுடாவில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பயிற்சிக்கு ஹைதராபாத் வரவேண்டுமானால் வாடகை மிதிவண்டிக்குக்கூட அவரிடம் காசில்லை. அந்தக் காசை ரஹீம் ஸாஹிப் கொடுத்ததைப் பலராம் முதுமையிலும் மறவாமல் சொல்லிவந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல் அடித்தவர் அந்தப் பலராம்தான். ஒரு மிதிவண்டியின் வாடகை ஒரு பிள்ளையை எவ்வளவு தூரம் கொண்டு சேர்த்திருக்கிறது என்று பாருங்கள்.

அதே ரோம் ஒலிம்பிக்கில் இன்னொரு செய்தியும் உண்டு. ரஹீம் ஸாஹிபின் மகன் ஸையித் ஷாஹித் ஹக்கீம் இந்திய அணியில் இடம்பெற்றிருந்தார். தகப்பனாரே பயிற்சியாளர். ஆனால் மூன்று ஆட்டங்களில் ஒன்றிலும் மகன் களமிறக்கப்படவில்லை. உங்களுக்கோ, உங்கள் பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியில் நிலைத்திருங்கள் என்ற கருத்தை அந்நிஸா அத்தியாயத்தில் நாம் ஓதுகிறோம். ஓதுவது எளிது. மகன் ஓரத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைச் செய்வது எளிதன்று. ஹக்கீம் பின்னாளில் விமானப்படை அதிகாரியாகவும் சர்வதேச நடுவராகவும் விளங்கி, 2017-இல் தியான்சந்த் விருது பெற்று, 2021-இல் மறைந்தார்.

நோயுற்ற உடலோடு ஜகார்த்தாவில்

1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ரஹீம் ஸாஹிபை அப்போது புற்றுநோய் பீடித்திருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்று, இறுதியில் மீண்டும் அதே தென்கொரியாவின் முன் நின்றனர்.

அன்று அரங்கம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராக இருந்தது. இந்தோனேசிய அரசு இஸ்ரேலையும் தைவானையும் அனுமதிக்காததை முன்னிட்டு, இதை ஆசியப் போட்டி என்று அழைக்கலாமா என்ற கேள்வியை இந்திய அதிகாரி ஒருவர் எழுப்பியிருந்தார். அந்தச் சினம் வீரர்கள் மீது பாய்ந்தது. தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம், தையல். தங்கராஜுக்குக் காய்ச்சல். இந்த நிலையில் ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பினார் ரஹீம் ஸாஹிப். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று என்று இரண்டு கோல்கள். இந்தியா 2-1 என வென்றது. அரங்கில் நமக்காகக் குரல் கொடுத்த மிகச் சிலரில் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களும் இருந்தனர் என்று அன்றைய வீரர்கள் நினைவுகூர்ந்துள்ளனர்.

இறுதியாட்டத்துக்கு முன்னால் தம் வீரர்களிடம் அவர் ஒரேயொரு அன்பளிப்பைக் கேட்டார் என்றும், அது அந்தத் தங்கமே என்றும் சொல்லப்படுகிறது. இந்து, சீக்கியர், கிறிஸ்தவர், முஸ்லிம் என்று எல்லோரும் இருந்த அணி அது. அவர்கள் அத்தனை பேரும் ஓர் உஸ்தாதின் ஆசைக்காக ஓடினார்கள்.

1963 ஜூன் 11 அன்று நுரையீரல் புற்றுநோயால் ரஹீம் ஸாஹிப் மரணமுற்றார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது 54 கூட நிறையவில்லை. அதன்பின் ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்குக் கிடைக்கவேயில்லை. கிடைத்த இரண்டும் அவர் காலத்தவையே.

மறுமை நாள் வந்துவிட்டாலும் கையில் ஒரு கன்று இருக்குமானால், முடிந்தால் அதை நட்டுவிடுங்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறோம். நோயின் பிடியில் நின்றுகொண்டு அடுத்த ஆட்டத்துக்குத் திட்டம் வகுத்த அந்த மனிதரை வாசித்தபோது அந்த நபிமொழிதான் நினைவுக்கு வந்தது.

நம் மாணவன் ஒருவன், “படத்துல அவரு எப்பவும் கையில சிகரெட்டோடயே இருக்காரே ஹஜ்ரத்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. ஒருவருடைய சிறப்பை ஏற்பதென்றால் அவருடைய எல்லாவற்றையும் ஏற்பதன்று. அவர் எந்த நோயால் போனார் என்பதையும் சேர்த்தே வாசி என்று பதில் சொன்னோம்.

மார்க்கம் எங்கே நிற்கிறது?

நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதும், பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாட்டு ஆடியதும் ஹதீஸ் நூல்களில் உள்ளவை. உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பதும், வலிமையுள்ள இறைநம்பிக்கையாளர் அல்லாஹ்வுக்கு அதிக விருப்பத்துக்குரியவர் என்பதும் நாம் அறிந்தவையே. இவையெல்லாம் நமக்கு அன்றும் தெரியும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் தெரியும். தெரிந்திருந்தும் ஒரு பிள்ளையை எல்லார் முன்னிலையிலும் தலைகுனிய வைத்தோம். கிதாபில் இருந்த இல்மு நம் நாவுக்கு வரவில்லை என்பதே உண்மை.

அதற்காக விளையாட்டில் எல்லாம் ஆகும் என்று நாம் சொல்லவில்லை. தொழுகை தவறுமானால் அது நஷ்டம். பணம் கட்டி ஆடும் பந்தயமும், கைப்பேசியில் அணி அமைத்துக் காசு வைப்பதும் சூதாட்டத்தின் வாசலே. அடிதடியும் வசைச்சொல்லும் விளையாட்டின் பகுதியல்ல. தொப்புள் முதல் முழங்கால் வரை மறைத்தாக வேண்டும். இந்த வரம்புகளுக்குள் எவ்வளவோ இடம் இருக்கிறது. அந்த இடத்தைப் பிள்ளைக்குக் காட்டுவது பெற்றோர் மற்றும் உஸ்தாதின் கடமை. வரம்பை மட்டும் காட்டிவிட்டு இடத்தைக் காட்டாமல் விட்டால், பிள்ளை வரம்புக்கு வெளியேதான் இடம் தேடுவான்.

மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் தகப்பனாரும் மகனும் வந்தனர். ரஹீம் ஸாஹிபின் வரலாற்றை இருவருக்கும் சொன்னோம். தகப்பனார் குறுக்கிடாமல் கேட்டார். முடிவில், “அதெல்லாம் பெரியவங்க கதை ஹஜ்ரத். எம்புள்ளைக்குக் கால் உடைஞ்சா யார் பாப்பா?” என்றார். பகல் இரவு பாராமல் மணலி சாலையில் வண்டி ஓட்டும் ஒருவருக்கு அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு நம்மிடம் பதிலில்லை. நம் பிள்ளை இந்தியாவுக்கு ஆடுவான் என்றோ, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்றோ வாக்குக் கொடுக்க நமக்கு உரிமையில்லை. பக்கத்திலிருக்கும் வியாசர்பாடியிலிருந்து தன்பால் கணேஷ், நந்தகுமார் சேகர் போன்றோர் இந்திய அணிவரை சென்றது உண்மை. அவர்களோடு ஆடத் தொடங்கி அவ்வளவு தூரம் செல்லாத நூற்றுக்கணக்கானோர் இருப்பதும் உண்மை. இரண்டையும் மறைக்காமல் சொன்னோம்.

பிறகு அந்தப் பிள்ளையிடம் கேட்டோம். “அஸர் தொழுகையை என்ன செய்வாய்?”

“ஆறு பேர் இருக்கோம் ஹஜ்ரத். கிரவுண்டு ஓரத்துலயே தொழுதுடுவோம். கோச் பத்து நிமிஷம் விடுறேன்னு சொல்லிட்டாரு.”

நாம் கேட்பதற்கு முன்பே அவன் பயிற்சியாளரிடம் பேசி வைத்திருக்கிறான். காற்சட்டைக்குள் முழங்காலுக்குக் கீழ்வரை மறைக்கும் உடையையும் வாங்கிவிட்டிருந்தான். நம்மிடம் எட்டு ஆண்டுகள் ஓதியது எங்கேயும் போய்விடவில்லை. தகப்பனார் மகனை நிமிர்ந்து பார்த்தார். பருவத் தேர்வு முடிவு வரும்வரை பார்க்கலாம் என்றார். அது சம்மதம் என்று அவன் புரிந்துகொண்டான்.

மதரஸாவிலும் ஒரு மாற்றம் செய்தோம். நிர்வாகத்தாரிடம் பேசி, பெரிய பிள்ளைகளின் பாடத்தை மஃரிபுக்குப் பின் பதினைந்து நிமிடம் தள்ளி வைத்தோம். கால் கழுவி, உளூச் செய்து, மூச்சு வாங்கி உட்கார அந்தப் பதினைந்து நிமிடம் போதும். தாமதமாக வருவோர் இப்போது குறைவு. களைப்பில் தூங்கி விழுவோர் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களை எழுப்பி ஓதவைப்பது நம் வேலை.

செய்ய வேண்டிய இன்னொன்றும் பாக்கி இருந்தது. ஒரு ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலின் வாசலில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மாணவனைப் பார்த்தோம். சிகிச்சைக்குப் பின் இப்போது ஒரு பட்டறையில் வேலைக்குச் செல்கிறான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அன்று அத்தனை பேர் முன்னால் உன்னை நிற்கவைத்தது நம்முடைய தவறு, மன்னித்துக்கொள் என்று கேட்டோம். “அதையெல்லாம் விடுங்க ஹஜ்ரத்” என்றான். கண்ணைப் பார்க்கவில்லை. கையை உடனே விடுவித்துக்கொள்ளவும் இல்லை. அவன் மன்னித்தானா என்பது நமக்குத் தெரியாது.

மனிதன் இறந்தபின் அவனைத் தொடர்பவை நிலையான தர்மமும், பயன்தரும் கல்வியும், அவனுக்காகத் துஆச் செய்யும் பிள்ளையுமே என்று மார்க்கம் கற்பிக்கிறது. பழகாத காலைப் பழக்கியதும், ஏழைப் பிள்ளைக்கு மிதிவண்டி வாடகை கொடுத்ததும் ரஹீம் ஸாஹிபுக்குப் பயன்தரும் கல்வியாகவும் தர்மமாகவும் அமைய வல்ல நாயனிடம் துஆச் செய்கிறோம்.

பெற்றோரே! மாலையில் உங்கள் பிள்ளையின் காலில் புழுதியைக் கண்டால் உடனே சினங்கொள்ளாதீர்கள். எங்கே ஆடினாய், யாரோடு ஆடினாய், தொழுதாயா என்று அருகில் உட்கார்ந்து கேளுங்கள். முடிந்தால் ஒருநாள் மைதானத்துக்குச் சென்று ஓரத்தில் நின்று பாருங்கள். நாமும் சென்றோம். தொப்பியும் ஜிப்பாவுமாக ஹஜ்ரத் வந்து நிற்பதைக் கண்டு அன்று நம் பிள்ளை இரண்டு முறை பந்தைத் தவறவிட்டான். மூன்றாம் முறை தவறவிடவில்லை.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் உடலுக்கு வலிமையையும் உள்ளத்துக்கு ஈமானையும் தருவானாக! அவர்களுக்குப் பாடம் நடத்தும் நம் நாவுகளுக்கு மென்மையைத் தருவானாக! ஆமீன்.